ஓடும் கட்டிலும் பந்தல் கட்டிலும்

என் பெயர் மெர்வின் லஸ்கம். தகப்பனார் பெயர் கிளாரன்ஸ் லஸ்கம். வயது அறுபத்தாறு. மேற்கு விக்டோரியாவில் வில்காரா ஊரில், ரயில்வே தெரு பத்தொன்பதாம் எண் வீட்டில், மனைவி நெரிடாவுடன் குடியிருக்கிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் கொட்டகை கொட்டகையாகப் போய் ஆட்டு ரோமம் கத்தரித்தேன். முதுகு போய்விட்டதால் ஒன்பது ஆண்டுகளாக வேலைக்குப் போவதில்லை.

இது நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம். முதலாவதை ஆகஸ்ட் எட்டாம் தேதி கொடுத்தேன். அதில் வேண்டுமென்று ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அதில் ஒரு வாக்கியம் தவறு என்று தெரிந்துதான் இன்று, ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலையில், யாரும் கூப்பிடாமல் நானே போலீஸ் நிலையத்துக்கு நடந்து வந்தேன். இன்னொரு வாக்கியமும் தவறு என்பது பத்தரை மணிக்குத்தான் தெரிந்தது. அது அதன் இடத்தில் வரும். இந்த இரண்டு வாக்கியங்களை வைத்து மரீட்டா ஹாய்ஸ்டெட் என்ற பெண் மீது வேண்டுமென்றே காயப்படுத்தியதாக வழக்குப் போடப் போகிறார்கள். அதை நிறுத்தத்தான் வந்திருக்கிறேன்.

மரீட்டாவுக்கு முப்பத்து நான்கு வயது. எங்கள் ஊரின் பழைய வங்கிக் கட்டடத்தில் ஐந்து ஆண்டுகளாக பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். போன ஆண்டு அக்டோபரில் நெரிடா என்னை அங்கே தள்ளாத குறையாகக் கொண்டுபோய் விட்டாள். அது பெண்கள் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிற ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணி வகுப்பில் மூன்று பெண்கள், ஆண் என்று நான் ஒருவன்தான்.

முதல் நாள் மரீட்டா ஒவ்வொரு சாதனத்தையும் காட்டிப் பெயர் சொன்னாள். ஏலக்காரன் வேகத்தில் சொன்னதால் ஒன்றும் என் தலையில் ஏறவில்லை. படுக்கிற மாதிரி இருந்ததை எல்லாம் கட்டில் என்று வைத்துக்கொண்டேன், மற்றதை எல்லாம் சாமான் என்று வைத்துக்கொண்டேன். அவள் "மூணாம் நம்பர், மெர்வ்" என்பாள், நான் மூன்றாம் எண் ஒட்டியிருக்கும் கட்டிலில் போய்ப் படுப்பேன். பத்து மாதங்கள் அப்படியே ஓடியது, பெயர் தெரியாததால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை.

அதற்கு முன் நான்கு ஆண்டுகளாக என் பூட்ஸ் கயிற்றை நெரிடாதான் கட்டிவிடுவாள். இந்த மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து, அந்த வங்கியின் பெஞ்சில் உட்கார்ந்து நானே குனிந்து இரண்டு பூட்ஸையும் கட்டினேன். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன். இதையும் எழுத வேண்டுமா என்று, இதை எழுதிக்கொள்ளும் போலீஸ் அதிகாரி கேட்டார். எழுதச் சொன்னேன். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

கிளெனிஸ் பெட்டிஃபர் என்பவர் பத்தரை மணி வகுப்புக்கு வருபவர். வயது எழுபத்திரண்டு, தபால் நிலையத்தை நடத்தி ஓய்வு பெற்றவர். வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்பே வந்துவிடுவார், வந்ததும் யாராவது செய்ததில் ஏதாவது குறை கண்டுபிடிப்பார். ஜூலை இருபத்தைந்தாம் தேதி, நான் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, மேலே கம்பிப் பந்தல் போட்ட கட்டிலில் தலைகீழாகத் தொங்க வேண்டும் என்று மரீட்டாவிடம் கேட்டார். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இது.

"எலும்பு ஸ்கேன் ரிப்போர்ட் வரட்டும் கிளெனிஸ், அப்புறம் தொங்கலாம்."

"நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? ஒத்தக் கால்ல உன்னைவிட நல்லா நிப்பேன், தெரியும்ல?"

"நில்லுங்க, வேணாம்னு சொல்லல. ஒரு நாள் விழுந்து வைப்பீங்க, அன்னிக்குத்தான் நான் சொல்றது உறைக்கும்."

இதை நாங்கள் நான்கு பேரும் கேட்டோம். அதைக் கேட்டு நான் சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் முதல் தேதி, வகுப்பு பத்தேகாலுக்கு முடிந்தது. மற்ற மூவரும் உடனே போய்விட்டார்கள். நான் கட்டிலைத் துடைத்துவிட்டு பெஞ்சுக்கு வந்து பூட்ஸ் கட்டினேன். வெளியே நெரிடா வண்டியில் இருந்தபடி ஹாரன் அடித்தாள். நிமிர்ந்தபோது மரீட்டா ஒரு கட்டிலின் கால்மாட்டில் குனிந்து ஸ்பிரிங்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு தொலைபேசி அடித்ததால் பின் அறைக்குப் போனாள். நான் வாசலுக்கு வந்தேன். வாசற்படியில் கிளெனிஸ் எதிரே வந்தார், "இன்னும் அந்தப் பூட்ஸா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் வண்டியில் ஏறிப் போய்விட்டேன்.

அதன் பிறகு நடந்தது நான் பார்த்ததல்ல, கேட்டது. கிளெனிஸ் மூன்றாம் எண் கட்டிலில் ஏறுவதற்காக அதன் பலகையில் ஒரு காலை வைத்திருக்கிறார். பலகை சர்ரென்று ஓடியிருக்கிறது. தரையில் விழுந்ததில் இடுப்பும் மணிக்கட்டும் உடைந்துவிட்டன. அந்தப் பலகை சக்கரத்தில் ஓடுவது, அதைப் பிடித்து வைப்பது ஸ்பிரிங்குகள்தான். யார் எழுந்து போனாலும் சிவப்பு ஸ்பிரிங் ஒன்றை மாட்டியே விட்டுப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்று ஒன்றுகூட மாட்டியிருக்கவில்லை. மூன்றும் கீழே தட்டில் கிடந்தன.

ஆகஸ்ட் எட்டாம் தேதி என்னை விசாரித்தார்கள். ஜூலை மாதச் சண்டையைச் சொன்னேன். ஸ்பிரிங்கை யாராவது தொட்டதைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, மரீட்டா கட்டிலின் கால்மாட்டில் குனிந்து கழற்றினாள் என்றேன். கட்டில் என்றால் ரிஃபார்மரா என்று கேட்டார்கள். எது ரிஃபார்மர் என்று எனக்குத் தெரியாது. அறுபத்தாறு வயதில், பத்து மாதம் போய் வந்த இடத்தில், தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். நீங்கள் ஏதாவது தொட்டீர்களா என்று கேட்டதற்கு, துடைத்துவிட்டுப் போனேன், வேறு எதையும் தொடவில்லை என்றேன். அப்படியே எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு மரீட்டாவின் கதவில் பூட்டு தொங்கியது. ரொட்டிக் கடையில் இறைச்சி அடைத்துச் சுட்ட பை என்ற பண்டம் வாங்க நின்றால் அதே பேச்சு. "ஸ்பிரிங்கைக் கழட்டி விட்டுட்டாளாமே, பாவி." "பார்த்த ஆள் இருக்காராம்." அந்தப் பார்த்த ஆள் நான்தான் என்று சொல்லிக்கொள்ளாமல் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கழற்றினாளா என்றால் கழற்றினாள், கண்ணால் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தாள் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

நேற்று காலை நெரிடா என் வாக்குமூலத்தின் நகலை அடுப்படி மேசையில் வைத்துப் படித்தாள். அவள் வியாழக்கிழமை வகுப்புக்குப் போகிறவள்.

"மெர்வ், ரிஃபார்மர்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"கட்டில்."

"எந்தக் கட்டில்?"

"அவ குனிஞ்சிருந்த கட்டில்தான். தலைக்கு மேல கம்பியெல்லாம் போகுமே, ஜன்னலோரம்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அது நல்லதுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

"அது ரிஃபார்மர் இல்ல, மடையா. அது கேடிலாக். கிளெனிஸ் விழுந்தது தரையோட தரையா ஓடுமே, நீ படுக்கிறது, அதுல. ரெண்டும் வேற வேற. ஒரு பொண்ணோட பொழப்பே போகுது, நீ கட்டில்னு எழுதிக் குடுத்துட்டு வந்து பை தின்னுக்கிட்டு இருக்க."

அவள் சொன்னது உண்மைதான்.

இன்று காலை சீனியர் கான்ஸ்டபிள் இமோஜென் டல்லியிடம் வந்து இதைச் சொன்னேன். அவருக்கும் எது எது என்று தெரியவில்லை. நேரே போய்ப் பார்த்துவிடலாம் என்று சொல்லி மரீட்டாவிடம் சாவி கேட்டு வரவழைத்தார். கட்டடத்துக்குள் போனதும், தன் சட்டையில் மாட்டியிருக்கும் காமிராவை ஓட விடுவதாகச் சொன்னார். மரீட்டா வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி, பழைய காசாளர் கவுண்டர் பக்கம் நிற்க வைத்தார். அவள் இளைத்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு கதவோரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். முதலில் இருந்தது முட்டி உயரத்தில் ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் காலால் மிதிக்கும் பலகை, பின்பக்கம் ஸ்பிரிங்.

"இது என்ன?"

"துணி போடுற பெட்டின்னு நினைச்சேன். இதுமேல கோட்டைக் கழட்டிப் போடுவேன்."

அது சேர், அதாவது நாற்காலி என்றும், உட்காருவதற்கல்ல, அதன் மேல் ஏறி நின்றும் மிதித்தும் பயிற்சி செய்வதற்கு என்றும் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து அதிகாரி படித்தார். அடுத்தது ஒரு பீப்பாயைப் பாதியாக வெட்டி ஏணியோடு சேர்த்து வைத்தது போல இருந்தது. அது பேரல், முதுகை வளைத்துப் படுப்பதற்கு. அதற்குப் பக்கத்தில் ஏணி இல்லாத இன்னொரு குட்டி வளைவு. அது முதுகைச் சரிசெய்வதாம். முதுகைச் சரிசெய்வது என்று பெயரே வைத்த ஒரு சாமான் அங்கே இருந்திருக்கிறது, முதுகு போன நான் பத்து மாதமாக அதன்மேல் என் தொப்பியை வைத்திருக்கிறேன். அதிகாரி சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு நான்கு கட்டில்களையும் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டியிருந்தவை தாழ்வானவை. தண்டவாளம் போல இரண்டு சட்டம், அதன்மேல் ஓடும் பலகை, கால்மாட்டில் ஒரு கம்பி, கம்பிக்குக் கீழே ஸ்பிரிங்குகள், தலைமாட்டில் கயிறு. இவைதான் ரிஃபார்மர். நான்காவது ஜன்னலோரம் தனியாக இருந்தது. அது உயரமான மேசை, ஓடாது. நான்கு மூலையிலும் இரும்புக் கால், மேலே பந்தல், பந்தலிலிருந்தும் அந்தக் கால்களிலிருந்தும் ஸ்பிரிங்குகள் தொங்கும். இதுதான் கேடிலாக். நான் பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்து காட்டினேன். அங்கிருந்து பார்த்தால் தெரிவது ஜன்னலோரக் கட்டில் மட்டும்தான், மூன்றாம் எண்ணைக் கவுண்டர் மறைக்கிறது. அதிகாரி தானும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, ஆமாம் என்றார். மரீட்டா அன்று கழற்றியது இரும்புக் காலில் தாழ மாட்டியிருந்த, பாதத்தில் போடும் ஸ்பிரிங்குகளை, அடுத்த வகுப்புக்காக ஓரமாக மாட்டி வைக்க என்று பிறகு அவளே சொன்னாள். கிளெனிஸை அதில் தொங்க விடாமல் இருக்கவும் அதுதான் வழி. என் முதல் தவறு இத்தோடு தீர்ந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

அந்த நிம்மதி மூன்று நிமிடம் இருந்தது.

"அப்போ மூணாம் நம்பர்ல கழட்டினது யாரு, மெர்வ்?"

"எனக்கெப்படித் தெரியும் கண்ணு? நான் துடைச்சேன், வந்தேன், பூட்ஸ் கட்டினேன்."

"சரி, அன்னிக்கு என்ன பண்ணீங்களோ அதை அப்படியே பண்ணுங்க. அவசரம் இல்ல."

மூன்றாம் எண்ணில் படுத்தேன். காலால் கம்பியைத் தள்ளிப் பத்து தடவை போய் வந்தேன். மரீட்டா சொல்லித் தந்தபடி பக்கவாட்டில் திரும்பி எழுந்து இறங்கினேன். துணியை எடுத்துத் தலைமாட்டிலிருந்து துடைத்தேன். அப்போது அதிகாரி, நான் எந்தெந்தக் கொட்டகையில் வேலை செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். அதில் ஒன்றில் தன் அப்பா ரோமம் பொறுக்கியதாகச் சொன்னார். டல்லி என்ற பெயரைக் கேட்டும் எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

"நெட்டை டல்லி பொண்ணா நீ? அந்த ஆளு தேநீர் நேரத்துல எல்லாரோட கேக்கையும் சேர்த்துத் தின்னுருவானே!"

"இப்பவும் அப்படித்தான்."

நான் துடைத்துக்கொண்டே கால்மாட்டுக்கு வந்தேன். அவன் ஒரு தடவை மழைக்கு ஒதுங்கிய ஆடுகளோடு தூங்கிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை பாதியில் இருக்கும்போது அதிகாரி மெதுவாகச் சொன்னார்.

"மெர்வ். உங்க கையைப் பாருங்க."

பார்த்தேன். என் வலது கையில் சிவப்பு ஸ்பிரிங்கின் கொக்கி இருந்தது. மற்ற இரண்டும் ஏற்கனவே தட்டில் கிடந்தன. கழற்றியது எனக்குத் தெரியாது. துணி இடது கையில் இருந்தது. பலகை என் முழங்கால் பட்டுத் தானாகத் தலைமாட்டுக்கு ஓடிப்போய் இடித்து நின்றது.

கொக்கியைக் கையில் திருப்பிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. ரோமம் கத்தரிப்பவனுக்குக் கொட்டகையில் நெஞ்சுக்கு ஒரு பட்டை உண்டு. உத்திரத்திலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கும், குனிந்து நிற்பவனின் எடையை அது தாங்கும். மணி அடித்ததும் பட்டையிலிருந்து வெளியே வந்து முதல் வேலையாக ஸ்பிரிங்கைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கீழே போட வேண்டும். இழுபட்டபடியே தொங்கவிட்டால் அது தொய்ந்துபோய், ஒரு நாள் ஆட்டின் மேலேயே நம்மைக் கவிழ்த்துவிடும். ஸ்பிரிங்கைக் கழற்றாமல் தேநீர் குடிக்கப் போனவனை நாங்கள் கேலி செய்தே கொன்றுவிடுவோம். ஒரு நாளைக்கு நான்கு தடவை, முப்பத்தெட்டு ஆண்டுகள். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. வேலை முடிந்தது என்று உடம்புக்குத் தெரிந்தால் கை கழற்றிவிடும்.

ஆகஸ்ட் முதல் தேதி கழற்றியது எனக்கு நினைவிருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இல்லை. இன்று கழற்றியதே நினைவில் இல்லாதவனுக்கு அது எப்படி நினைவிருக்கும்? ஆனால் கழற்றியது நான்தான்.

அதன் பிறகு, அப்படியென்றால் வாரா வாரம் கழற்றியிருப்பேனே, ஏன் அதற்கு முன் யாரும் விழவில்லை என்று கேட்டேன். நான் மரீட்டாவைப் பார்த்தேன். அதிகாரி அவளைப் பேசச் சொன்னார்.

"நான் திரும்ப மாட்டிடுவேன் மெர்வ். நீங்க போனதும், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். அன்னிக்கு ஃபோன் அடிச்சிருச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"அக்டோபர்லேர்ந்து தெரியும். ரெண்டு தடவை சொன்னேன். 'சரி கண்ணு'ன்னீங்க, அடுத்த வாரமும் கழட்டினீங்க. அஞ்சு செகண்ட் வேலை, நானே பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்."

"இவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"செக் பண்றது என் வேலை. பண்ணல. அதைத்தான் சொன்னேன். உங்க பேரைச் சொன்னா நீங்க அப்புறம் வகுப்புக்கே வரமாட்டீங்க. திரும்பவும் நெரிடாதான் பூட்ஸ் கட்டணும்."

'செக் பண்றது என் வேலை, பண்ணல' என்று அவள் சொன்னதைத்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பத்து நாளாக அவள் என் பெயரைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறாள். அந்தப் பத்து நாளும் அவள் பெயரைச் சொன்ன ஆள் ஊரில் நான் ஒருவன். இதற்கு மேல் வெட்கப்படுவதற்கு எனக்கு வழி தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவளே, "அந்த ஒண்ணை மாட்டிட்டு வாங்க, மெர்வ்" என்றாள். கொக்கியை மாட்டினேன். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் மாட்டியது. பலகையை ஆட்டிப் பார்த்தேன், நின்றது. காமிராவில் இருக்கும்.

அதன் பிறகு நிலையத்துக்குத் திரும்பினோம். என் மேல் என்ன வரும் என்று அதிகாரியால் இப்போது சொல்ல முடியாது என்றார். வக்கீலோடு பேசிவிட்டு மீதியைச் சொல்லலாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். பயமில்லை என்று சொன்னால் பொய், இருக்கிறது. இங்கிருந்து நேரே மருத்துவமனைக்குப் போய் கிளெனிஸிடம் நானே சொல்லப் போகிறேன். அவர் வாயிலிருந்து வருவதை எல்லாம் நின்று கேட்டுக்கொள்வேன்.

முதல் வாக்குமூலத்தில் மரீட்டா ரிஃபார்மரின் ஸ்பிரிங்கைக் கழற்றினாள் என்று இருப்பதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் எதையும் தொடவில்லை என்று இருப்பதையும் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சீனியர் கான்ஸ்டபிள் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். ரிஃபார்மர், கேடிலாக் என்று வந்த இடங்களில் எல்லாம் நிறுத்தி, அது எது என்று என்னிடம் கேட்டு, நான் சரியாகச் சொன்ன பிறகே மேலே படித்தார். இதில் உள்ளது அனைத்தும் உண்மை. யாரும் வற்புறுத்தாமல் சொன்னேன். கழற்றியது நான்.

(ஒப்பம்) மெர்வின் லஸ்கம்

என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது: இமோஜென் டல்லி, சீனியர் கான்ஸ்டபிள், வில்காரா. ஆகஸ்ட் 18, மதியம் 12.40.